பட்டறைப் பக்கம்: டைட்டானியம் பல்லும் தேய்கிற கட்டரும்

போன இதழில் பல் லேப்களில் நடக்கும் டைட்டானியம் மில்லிங் (சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டிச் செதுக்குவது) பற்றி ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு லேப்காரர்கள், லேத் பட்டறைக்காரர்கள், பல் கட்டிக்கொண்டவர் ஒருவர் என்று எல்லாரும் கேள்வி அனுப்பிவிட்டார்கள். அதனால் இந்தத் தடவை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி (கோவை): சார், எங்கள் லேபில் ஐந்து அச்சு மில்லிங் மெஷின் இருக்கிறது. சிர்கோனியா டிஸ்க் (பல் செய்யும் பீங்கான் வட்டு) ஓட்டினால் ஒரு பர் (சின்னக் கட்டர்) வாரக்கணக்கில் உழைக்கிறது. டைட்டானியம் டிஸ்க் போட்டால் நாலைந்து அபட்மென்ட் (தாடையில் பதித்த இம்பிளான்ட் திருகையும் மேலே வரும் பல்லையும் இணைக்கும் துண்டு) முடிவதற்குள் முனை போய்விடுகிறது. டைட்டானியம் அவ்வளவு கடினமான உலோகமா?

இல்லை. நீங்கள் வெட்டுகிற கலவை 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்ந்தது, கிரேடு 5 அல்லது கிரேடு 23. அதன் கடினத்தன்மை விக்கர்ஸ் கணக்கில் 350-ஐ ஒட்டி நிற்கும். கார்பைடு கட்டர், அதாவது கோபால்ட்டால் பிணைத்த டங்ஸ்டன் கார்பைடில் செய்தது, 1500-க்கு அந்தப் பக்கம். கடினத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கட்டர் சுலபமாக ஜெயிக்க வேண்டிய ஆட்டம் இது. சிர்கோனியாவோடு ஒப்பிடுவதும் சரியில்லை, ஏனென்றால் அதை நீங்கள் முழுதாகச் சுட்டபிறகு வெட்டுவதே இல்லை. சாக்கட்டி பதத்தில் இருக்கும்போதே, உலையில் சுருங்கப்போகிற 20, 25 சதவீதத்தையும் சேர்த்துப் பெரிதாக வெட்டிவிட்டு அப்புறம்தான் உலைக்கு அனுப்புகிறீர்கள். அங்கே பர் மெதுவாக உராய்ந்து தேய்கிறது, அவ்வளவுதான்.

டைட்டானியத்தில் கட்டரைக் கொல்வது சூடு. எந்த உலோகத்தை வெட்டினாலும் சூடு பிறக்கும், ஆனால் எஃகிலும் அலுமினியத்திலும் அந்தச் சூட்டின் பெரும்பங்கை சீவலும் வேலைத்துண்டும் இழுத்துக்கொண்டு போய்விடும். கிரேடு 5 டைட்டானியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டர்-கெல்வினுக்கு 7 வாட் கூட இல்லை. சாதாரண கார்பன் எஃகுக்கு அது 50 பக்கம், 6061 அலுமினியத்துக்கு 167. அதாவது பிறந்த சூட்டுக்குப் போக வழியே கிடையாது. பெரும்பகுதி கட்டருக்குள்தான் இறங்கும், சுமார் 80 சதவீதம் என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதுவும் கட்டர் முழுக்கப் பரவி இறங்கினால் பரவாயில்லை. டைட்டானியம் சீவல் கட்டரின் முகத்தைத் தொடுகிற இடம் ரொம்பக் குறுகலானது என்பதால், விசையும் சூடும் விளிம்பை ஒட்டிய மயிரிழை அகலத்துக்குள் குவிந்துவிடுகின்றன. இந்த உலோகம் சூட்டில் சட்டென்று தளர்ந்தும் கொடுக்காது, பலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விமான எஞ்சினில் இதைப் போடுவது அதனால்தான், நமக்குத் தலைவலியும் அதனால்தான்.

இன்னொன்று, 500 டிகிரியைத் தாண்டிவிட்டால் டைட்டானியம் கண்டதோடெல்லாம் வினைபுரியும். கட்டர் விளிம்பில் துளியாக ஒட்டிக்கொள்ளும், அடுத்த சுற்றில் பிய்ந்து போகும், போகும்போது சும்மா போகாமல் கார்பைடில் ஒரு துணுக்கையும் பிடுங்கிக்கொண்டு போகும். கார்பைடில் இருக்கிற கோபால்ட்டும் கார்பனும் சீவலுக்குள் ஊடுருவிப் போவதும் கூடவே நடக்கிறது, முகத்தில் குழி விழுவது இதனால். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. கடைசியில் ஒரு ‘டிக்’ சத்தம் கேட்கும், அவ்வளவுதான்.

கேள்வி (சென்னை): மெஷினின் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) நிமிடத்துக்கு 60,000 சுற்று போகும். டைட்டானியத்துக்கு எவ்வளவு வைக்க வேண்டும்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

சுற்றை யாரிடமும் கேட்காதீர்கள், வெட்டுவேகத்தில், அதாவது கட்டரின் விளிம்பு உலோகத்தில் ஓடும் வேகத்தில், ஆரம்பித்துக் கணக்குப் போடுங்கள். கார்பைடு கட்டரும் நல்ல கூலன்ட்டும் (குளிர்விக்கும் திரவம்) இருந்தால் கிரேடு 5-க்கு நிமிடத்துக்கு 60 மீட்டர் என்பது பயமில்லாத தொடக்கம். 3 மி.மீ. கட்டருக்கு இது சுமார் 6,400 சுற்று, 2 மி.மீ. கட்டருக்கு 9,500, 1 மி.மீ. கட்டருக்கு 19,000. 60,000 சுற்றில் 2 மி.மீ. கட்டரை விட்டீர்கள் என்றால் அது 377 மீட்டர். டைட்டானியத்தில் இறங்கிய உடனே முனை கருகிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல் வேலையில் பெரும்பாலும் பந்துமுனை கட்டர்தான், அது முழு விட்டத்தில் வெட்டுவதில்லை. 2 மி.மீ. பந்துமுனை 0.1 மி.மீ. ஆழம் எடுக்கும்போது நிஜமாக வெட்டுகிற விட்டம் 0.87 மி.மீ.தான். 9,500 சுற்றில் அந்த இடத்தில் கிடைப்பது வெறும் 26 மீட்டர், நடுநுனியில் வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம், அங்கே வெட்டாமல் தேய்க்கிறது. அதனால் கடைசியில் மேற்பரப்பை முடிக்கும் ஃபினிஷிங் வெட்டில் சுற்றை 20,000 பக்கம் ஏற்றுவதில் தப்பில்லை. கட்டரைக் கொஞ்சம் சாய்த்துப் பக்கவாட்டில் வெட்ட வைப்பது இன்னும் நல்லது, ஐந்து அச்சு மெஷினுக்குக் காசு கொடுத்ததே அதற்குத்தானே. முதலில் கனமாக வெட்டித் தள்ளும் ரஃபிங்கில் முழு விட்டமும் உள்ளே போகிற இடத்தில் இதே சுற்றை வைத்துவிடாதீர்கள். ஒருவர் 10,000 என்பதும் இன்னொருவர் 22,000 என்பதும் இரண்டும் சரியாக இருக்கக்கூடும், அவர்கள் எந்த வெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

மெஷின் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிர்கோனியாவுக்கென்று செய்த சின்ன ஸ்பிண்டில்கள் உச்ச சுற்றில்தான் சக்தி தரும், 8,000, 10,000 சுற்றுக்கு இறக்கினால் முறுக்குவிசை இருக்காது. விளம்பரத்தில் ‘டைட்டானியமும் வெட்டும்’ என்று போட்டிருப்பார்கள். வெட்டும்தான், எவ்வளவு நேரத்தில் என்று கேளுங்கள்.

கேள்வி (சேலம்): பர் சீக்கிரம் போகிறதே என்று ஃபீடை (கட்டர் உலோகத்துக்குள் முன்னேறும் அளவை) பாதியாகக் குறைத்தேன். இப்போது முன்னைவிடச் சீக்கிரம் போகிறது. எப்படி ஐயா?

நீங்கள் குறைத்திருக்க வேண்டியது வெட்டுவேகத்தை, ஃபீடை அல்ல. இந்தப் பயம் எல்லா லேபிலும் உண்டு, நான் பார்த்தவரை டைட்டானியத்தில் வீணாகும் கட்டர்களில் நிறைய இப்படித்தான் வீணாகின்றன.

டைட்டானியத்தின் மீள்தன்மைக் குணகம் 114 ஜிகாபாஸ்கல், எஃகில் பாதியைக் கொஞ்சம் தாண்டும். மெல்லிய சுவரை விளிம்பு தொட்டால் உலோகம் பின்னால் வளைந்து விலகிக்கொள்ளும், விளிம்பு கடந்ததும் திரும்பி வந்து கட்டரின் பக்கத்தில் உரசும். கட்டரின் ஒரு வெட்டுப்பல்லுக்கு 15 மைக்ரான் சீவல் எடுத்தால் விளிம்பு உலோகத்துக்குள் இறங்கி வெட்டும். அதை 5 மைக்ரான் ஆக்கினால் விளிம்பின் உருண்டையே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும், அப்புறம் எங்கே வெட்டுவது? வெறுமனே தேய்த்துச் சூடு கிளப்புகிறது. அதே தூரத்தைக் கடக்கக் கட்டர் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுற்ற வேண்டியும் இருக்கிறது, ஒவ்வொரு சுற்றும் ஒரு உரசல்.

வேகத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள கணக்கை அமெரிக்க எஞ்சினியர் எஃப். டபிள்யூ. டெய்லர் 1906-லேயே போட்டுக் கொடுத்துவிட்டார், இன்றைக்கும் அதுதான் அடிப்படை. அந்தக் கணக்கில் வருகிற, கார்பைடுக்குப் பாடங்களில் சொல்கிற அடுக்கு எண் 0.25 என்று வைத்துக்கொண்டால், வேகத்தை 20 சதவீதம் ஏற்றினால் கட்டரின் ஆயுள் பாதிக்கும் கீழே போகும். திருப்பிப் பார்த்தால், வேகத்தை அதே அளவு இறக்கினால் ஆயுள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். ஃபீடுக்கு அவ்வளவு தண்டனை கிடையாது. ஆகவே சீவலைக் கனமாக வைத்துக்கொண்டு வேகத்தை இறக்குங்கள், பக்கவாட்டில் எடுக்கும் அகலத்தையும் குறையுங்கள். விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் உலோகத்துக்குள் இருக்கிற நேரம் குறையும், குளிர நேரம் கிடைக்கும்.

வெட்டுகிற திசையையும், கட்டர் போகும் பாதையை வகுக்கிற கேம் மென்பொருளில் ஒரு தடவை பாருங்கள். சீவல் தடிப்பில் ஆரம்பித்து மெலிந்து முடியவேண்டும், அதாவது கிளைம்ப் மில்லிங். எதிர்த் திசையில் வெட்டினால் மெலிந்த இடத்தில் ஆரம்பித்துத் தேய்த்துத் தேய்த்து உள்ளே போகும், வெளியேறும்போது தடித்த சீவல் விளிம்பில் ஒட்டிக்கொண்டே வரும்.

கேள்வி (திருப்பூர்): எங்களிடம் ஒரே பெட்டியில் வாங்கிய, ஒரே மாதிரி பர். ஒன்று நாள் முழுக்க ஓடுகிறது, அடுத்தது முதல் வேலையிலேயே உடைகிறது. டூப்ளிகேட் சரக்கா?

சரக்கைத் திட்டுவதற்கு முன்னால் கட்டரைப் பிடித்திருக்கும் காலெட் கவ்வியைக் கழற்றித் துடையுங்கள். ஒரு சீவல் துணுக்கு உள்ளே மாட்டியிருந்தாலே கட்டர் மையம் விலகிச் சுற்றும். டயல் கேஜில் 10 மைக்ரான் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம், பெரிய லேத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இரண்டு வெட்டுப்பல் உள்ள சின்னக் கட்டரில், பல்லுக்கு 15 மைக்ரான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, ஒரு பல் 25 மைக்ரானும் இன்னொன்று 5 மைக்ரானும் எடுக்கும். ஒன்று அதிகச் சுமையில் உடையும், மற்றது உரசியே தேயும். கார்பைடு வளையாது, நேரே முறிந்துவிடும் என்பதால் முன்னறிவிப்பும் இருக்காது.

கட்டர் காலெட்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் பார்க்கவேண்டியது. வளைவு, நீளத்தின் முப்படியில் கூடும், விட்டத்தின் நாற்படியில் குறையும். 20 மி.மீ. நீட்டல் 25 ஆனால் வளைவு கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2 மி.மீ. தடிப்புள்ள கட்டருக்குப் பதில் அதே நீளத்தில் 1 மி.மீ. போட்டால் 16 மடங்கு. எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வெளியே விடுங்கள்.

இது இரண்டும் சரியாக இருந்தும் உடைந்தால் கேம் பாதையைப் பார்க்கவேண்டும். 3 மி.மீ. கட்டர் மூலைகளில் விட்டுவைத்த மிச்சம் எவ்வளவு என்று மென்பொருளுக்குத் தெரியாவிட்டால், பின்னால் வரும் 1 மி.மீ. கட்டர் காற்றில் ஓடுவதாக நினைத்துக்கொண்டு முழு வேகத்தில் போய்த் தடித்த சுவரில் மோதும். 1 மி.மீ. பர் உடைகிற லேப்களில் நான் முதலில் கேட்பது, அதற்கு முந்தைய கட்டர் எப்போது மாற்றினீர்கள் என்றுதான். முந்தையது தேய்ந்திருந்தால் அது விட்டுவைக்கிற மிச்சம் கணக்கைவிடத் தடிப்பாகத்தானே இருக்கும்.

டிஸ்க்கிலிருந்து வேலையைப் பிடித்திருக்கும் காம்புகளையும் மெலிசாக வைக்காதீர்கள். கடைசி ஃபினிஷிங் வரும்போது பல பற்கள் சேர்ந்த பிரிட்ஜ் முழுதும் அதிரும், மேற்பரப்பில் வரிவரியாக அடையாளம் விழும், அந்த அதிர்வில் விளிம்பு பொரிந்துபோகும்.

கேள்வி (ஈரோடு): கட்டர் தேய்ந்துவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? உடையும் வரை ஓட்டுகிறோம்.

உடையும் வரை ஓட்டுவது கட்டரில் மிச்சம் பிடித்து டிஸ்க்கில் தொலைக்கிற வேலை. 98 மி.மீ. டைட்டானியம் டிஸ்க் ஒன்றின் விலையையும் ஒரு பர் விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பெரிய பட்டறைக் கட்டரான எண்ட் மில்லுக்குப் பக்கத் தேய்மானம் 0.3 மி.மீ. வரை போகலாம் என்பது சர்வதேசத் தர அளவு. 1 மி.மீ. பர்ரில் 0.3 மி.மீ. தேய்ந்தால் அப்புறம் அங்கே பர் என்று என்ன இருக்கும்? சின்னக் கட்டருக்கு நீங்களே ஒரு வரம்பு வைக்கவேண்டும். ஒரு யுஎஸ்பி நுண்நோக்கி வாங்குங்கள், பெரிய செலவில்லை. புதுக் கட்டரை ஒரு படம், ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதே கோணத்தில் ஒரு படம். பக்கத்தில் பளபளவென்று ஒரு பட்டை விழுந்து அகலமாகிக்கொண்டே வரும். ஆரம்பத்தில் சட்டென்று கொஞ்சம் தேயும், பிறகு நெடுநேரம் நிதானமாகப் போகும், கடைசியில் திடீரென்று சரியும். அந்தச் சரிவுக்கு முன்னால் மாற்றுவதுதான் சாமர்த்தியம், அது எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதை உங்கள் மெஷின், உங்கள் கூலன்ட், உங்கள் பாதையில் நீங்கள்தான் கண்டுபிடிக்க முடியும். பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கு வேறு யாருடைய மெஷினிலோ எடுத்தது.

நுண்நோக்கி வருவதற்குள் வேலையே காட்டிக்கொடுக்கும். தேய்ந்த கட்டர் கொஞ்சம் சிறிய கட்டர், ஆகவே உலோகத்தை மிச்சம் விட்டுவிட்டுப் போகும். உள்பக்கம் இறுகும், வெளிப்பக்கம் பெருக்கும். காலையில் வெட்டிய காப்பிங் (பல்லுக்கு அடியில் வரும் உலோகத் தொப்பி) மாடலில் அழகாக உட்கார்ந்து, அதே டிசைன் மாலையில் உட்கார மறுத்தால் ஸ்கேனரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கட்டரைப் பாருங்கள். விளிம்புகளில் பிசிறு நிற்பது, மேற்பரப்பு மங்கி வருவது, சத்தம் கனமாவது எல்லாம் அதே கதைதான். ஸ்பிண்டில் சூடாகி நீள்வதாலும் அளவு மாறும் என்பதால், காலையில் வெறுமனே கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் முதல் வேலையைப் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குற்றத்தையும் ஒரே ஆள் மேல் போட்டுவிடுவீர்கள்.

நல்ல லேப்களில் ஒரு வழக்கம் உண்டு: புதுக் கட்டர் முதலில் ஃபினிஷிங்குக்கு, கொஞ்சம் தேய்ந்ததும் ரஃபிங்குக்கு இறக்கம், அங்கே தன் காலத்தை முடித்துக்கொள்ளும். இதற்கு மென்பொருளில் இரண்டு தனிக் கட்டராகப் பதிந்து வைக்கவேண்டும், அளவும் தனித்தனியாக.

கேள்வி (நாகர்கோவில்): தங்க நிறப் பூச்சு உள்ள பர் நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?

தங்க நிறம் என்றால் அநேகமாக டைட்டானியம் நைட்ரைடு. எஃகில் பெயர் வாங்கிய பூச்சு அது, டைட்டானியத்தை வெட்ட நான் வாங்க மாட்டேன். கருநீலமோ கருப்புச் சாயலோ உள்ள அலுமினியம் டைட்டானியம் நைட்ரைடு வகை சூட்டைத் தாங்கும், மேலே மெல்லிய அலுமினா அடுக்கு ஒன்று தானே உருவாகும். அதைவிட முக்கியம் விளிம்பின் கூர்மை. தடியாகப் பூசிய பூச்சு விளிம்பை மழுக்கிவிடும், சின்னக் கட்டரில் அது பூச்சே இல்லாததைவிட மோசம். சிர்கோனியாவுக்கென்று விற்கிற வைரப் பூச்சு பர்ரை மட்டும் தயவுசெய்து இதில் விடாதீர்கள், வைரம் கார்பன்தான், சூட்டில் டைட்டானியத்துக்கு அது தீனி.

பழைய பர்ரைச் சாணை பிடித்துத் தருகிறேன் என்று வருபவர்களுக்கும் இதே பதில்தான். 6 மி.மீ. எண்ட் மில் என்றால் கொடுங்கள், விட்டம் குறைந்ததை மெஷினில் திருத்திக்கொள்ளுங்கள். 1 மி.மீ. பந்துமுனைக்கு வேண்டாம்.

கேள்வி (மதுரை): ஒரே மெஷினில் காலையில் சிர்கோனியாவும் மாலையில் டைட்டானியமும் ஓட்டுகிறோம். கூலன்ட் கெட்டுப்போய் நாற்றம் அடிக்கிறது. கூலன்ட் இல்லாமல் காற்று மட்டும் ஊதி டைட்டானியம் ஓட்ட முடியுமா?

முடியாது, ஓட்டாதீர்கள். மேலே சொன்ன சூட்டுக்கு ஒரே வடிகால் கூலன்ட்தான். அதோடு டைட்டானியத்தின் நுண்சீவலும் தூசியும் தீப்பற்றும். உறிஞ்சு இயந்திரத்தின் வடிகட்டிப் பையில் சிர்கோனியா தூசியோடு டைட்டானியம் சேர்ந்து, ஒரு பொறியும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது, எரியும் டைட்டானியம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது, அதிலும் எரியும். நைட்ரஜனில்கூட எரிகிற உலோகம் இது. உலோகத் தீக்கான டி வகை அணைப்பானை வாங்கி மாட்டுங்கள், பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் வைத்திருங்கள். ஈர மணல் வேண்டாம்.

கூலன்ட்டுக்கு வருவோம். நாற்றம் பாக்டீரியா. ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொட்டி அசையாமல் நின்றால் திங்கள் காலை வாசனை வரத்தான் செய்யும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவை பிரிந்து மேலே ஆடை கட்டும், கனிமம் நீக்கிய தண்ணீரில் கலக்குங்கள். தண்ணீர் ஆவியாகும்போது எண்ணெய் விகிதம் ஏறிக்கொண்டே போகும், அதனால் நிரப்பும்போது வெறும் தண்ணீரையோ புதுக் கலவையையோ கைக்கு வந்தபடி ஊற்றாமல் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். கூலன்ட் பீச்சும் குழாயின் வாயில் ஒரு சீவல் அடைத்திருந்தால், கட்டர் ஒரு பக்கம் நனைந்தும் ஒரு பக்கம் காய்ந்தும் ஓடும். கார்பைடுக்கு இது காய்ந்தே ஓடுவதைவிடக் கெடுதல், சூடும் குளிரும் மாறிமாறி அடித்து விளிம்புக்குக் குறுக்கே சீப்புப்பல் மாதிரி விரிசல் விழும்.

வசதி இருந்தால் இரண்டு பொருளுக்கும் இரண்டு மெஷின். இல்லாவிட்டால் வாரத்தில் நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள், நடுவில் முழுதாகக் கழுவுங்கள். சிர்கோனியா பொடி கூலன்ட்டில் கலந்தால் அது அரைக்கிற சேறுதான், மெஷினின் வழித்தடத்தையும் பம்ப்பையும் சேர்த்து அரைக்கும்.

கேள்வி (தஞ்சாவூர், ஒரு வாசகி): எனக்கு இம்பிளான்ட் வைத்து டைட்டானியம் அபட்மென்ட் போட்டிருக்கிறார்கள். போன இதழில் கட்டர் தேய்மானம் பற்றிப் படித்ததும் பயமாகிவிட்டது. என் பல்லில் ஏதாவது தப்பு நடந்திருக்குமா? உலோகம் உடம்புக்கு ஆகுமா?

அம்மா, பயப்பட ஒன்றும் இல்லை. உடம்பு விஷயத்தில் டைட்டானியத்துக்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965-ல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு டைட்டானியம் இம்பிளான்ட்களை வைத்தார்; லார்சன் 2006-ல் இறக்கும் வரை, நாற்பது வருடத்துக்கும் மேல், அவை அவர் தாடையில் வேலை செய்தன. உலோகத்தின் மேலே தானாக உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் எலும்பை ஏற்றுக்கொள்ள வைக்கிறது. உங்களுக்குப் போட்டது கிரேடு 23 என்றால் அது கிரேடு 5-ன் சுத்தமான தம்பி, பிராணவாயு 0.20 சதவீதத்துக்குப் பதில் 0.13-க்குள் இருக்கும். வனேடியம் வேண்டாம் என்பவர்களுக்கு நியோபியம் சேர்த்த கலவையும் கலப்பில்லாத சுத்த டைட்டானியமும் இருக்கின்றன.

கட்டர் தேய்ந்திருந்தால் அது பொருத்தத்தில்தான் தெரியும்: சரியாக உட்காராது, அல்லது திருகு அடிக்கடி தளரும். உங்கள் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து இடைவெளி பார்த்திருப்பார். திருகு தளர்ந்தால் இறுக்கிக்கொண்டு வருவதோடு நிற்காமல் ஏன் தளர்கிறது என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கேள்வி (ஓசூர்): நாங்கள் லேத் பட்டறை. இம்பிளான்டோடு சேரும் அறுகோணப் பகுதியையும் மில்லிங் மெஷினிலேயே வெட்டித் தரச் சொல்லி ஒரு லேபில் கேட்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

மைக்ரானில் அளக்க உங்களிடம் வசதி இருந்து, அந்த இம்பிளான்ட் கம்பெனியின் அளவும் அனுமதியும் கையில் இருந்தால் பேசலாம். இல்லாவிட்டால் வேண்டாம் தம்பி. இணைப்புப் பகுதியைத் தொழிற்சாலையில் நுண்ணிய வேலைக்கான ஸ்விஸ் வகை லேத்தில் முடித்து, மேல்பகுதியை மட்டும் லேபில் வெட்டிக்கொள்ளும்படி தயார்த் துண்டுகள் கிடைக்கின்றன. அதற்குரிய பிடிப்பானில் மாட்டி ஈறுக்கு மேலே வரும் வடிவத்தை மட்டும் வெட்டினால் போதும். தேய்கிற பர்ரை வைத்து அறுகோணத்தை வெட்டினால் பத்தாவது துண்டு முதல் துண்டு மாதிரி இருக்காது, அந்த வித்தியாசத்தை ஒரு மனிதரின் தாடை எலும்பு தாங்கவேண்டும்.

கேள்வி (திண்டுக்கல்): டைட்டானியத்தை வார்க்கலாமே, 3டி பிரிண்ட் பண்ணலாமே, ஏன் மல்லுக்கட்டி வெட்டவேண்டும்?

வார்த்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்ட வந்தார்கள். 1,668 டிகிரியில் உருகும் உலோகம், உருகிய நிலையில் அச்சுப்பொருளோடும் காற்றோடும் வினைபுரிந்து, மேலே பிராணவாயு ஊறிய கடினமான தோல் ஒன்று கட்டிவிடும். ஆர்கானில் வார்த்தாலும் அந்தத் தோல் முழுதாகப் போகாது, அதில் முதல் வெட்டு எடுக்கும் கட்டருக்கு அன்றைக்கே முடிவு. இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான் ஸ்வீடனில் மாட்ஸ் ஆண்டர்சன் எண்பதுகளில் டைட்டானியம் காப்பிங்கை நகல் மில்லிங்கிலும் ஸ்பார்க் எரோஷனிலும் (மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுப்பது) செய்து காட்டினார், பின்னால் புரோசெரா என்று பெயர் பெற்ற முறை அது.

பிரிண்ட் பண்ணலாம், நன்றாகவே வருகிறது, பெரிய பிரிட்ஜ்களுக்குப் பொருளும் வீணாகாது. ஆனால் திருகு உட்காரும் இடத்தையும் இம்பிளான்டைத் தொடும் முகத்தையும் பிரிண்ட் ஆன சொரசொரப்போடு விட முடியாது, அதைக் கடைசியில் மில்லிங்கில்தான் முடிக்கிறார்கள். லேசரில் சட்டென்று குளிர்ந்த உலோகம் வழக்கமான டிஸ்க்கைவிடக் கொஞ்சம் கடினம் என்பதால் வெப்பப் பதம் செய்யாமல் மெஷினில் ஏற்றினால் பர் இன்னும் சீக்கிரம் போகும்.

கேள்வி (குளச்சல்): எங்கள் ஊர்க் கடற்கரை மண்ணில் டைட்டானியம் இருக்கிறதே, பிறகு ஏன் டிஸ்க் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறது?

உங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் பிரித்தெடுப்பது இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. அதிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதுதான் கஷ்டம். குளோரினோடு சேர்த்து டெட்ராகுளோரைடாக்கி, மெக்னீசியத்தை வைத்துப் பிடுங்கவேண்டும், லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் கிரோல் கண்டுபிடித்த வழி. கேரளத்தில் சவறாவில் 2011-லிருந்து ஆண்டுக்கு 500 டன் திறனுள்ள டைட்டானியம் ஸ்பாஞ்ச் (இன்னும் உருக்காத, பஞ்சு போன்ற உலோகம்) ஆலை இருக்கிறது, ஆனால் அது விண்வெளித் துறையின் தேவைக்காக அந்தத் துறையின் பணத்தில் கட்டியது. ஸ்பாஞ்சை உருக்கி, கலவையாக்கி, மருத்துவத் தரத்துக்குச் சான்று வாங்கி, டிஸ்க்காக வெட்டி விற்பது வரை இன்னும் பல படிகள் இருக்கின்றன.

கேள்வி (கரூர்): டைட்டானியம் சீவலை விற்க முடியுமா?

முடியும், சுத்தமாக இருந்தால். எண்ணெயை வடித்து, மூடியுள்ள உலோக டப்பாவில், வேறு எதனோடும் கலக்காமல் வைக்கவேண்டும். கோபால்ட் குரோம் சீவல் கொஞ்சம் கலந்துவிட்டாலும் வாங்குபவர் எடைக்குக்கூடத் தொடமாட்டார். டப்பாவை உலைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.